அனுப்ப வேண்டாதவை

பளபளப்பான கல்லைப் படமெடுப்பது
கண்ணாடியைப் படமெடுப்பது போல.
எடுப்பவர் உள்ளே வந்துவிடுவார்.

பர்கூர் சாலை கிரானைட் கம்பெனியில்
என் வேலை அவர்களை வெளியேற்றுவது.
சலபதி சார் போனில் எடுத்து அனுப்புவார்:
ஒன்பதடிப் பலகை,
அதற்குள் அவர் சட்டை, அவர் தொப்பை,
கிரேனின் மஞ்சள் கொக்கி,
தகரக் கூரை ஓட்டையில் ஒரு துண்டு வானம்.
மாலைக்குள் கல் மட்டும் இருக்க வேண்டும்.
கல்தான் கப்பலேறும்.

யாரிடம் கற்றாய் என்று கேட்டால்
பெயர் சொல்லத் தெரியாது.
அவர் பேசியது போர்ச்சுக்கீசியம்
என்பதே பிறகுதான் தெரிந்தது.
சத்தத்தை அணைத்துவிட்டு
அவர் அம்புக்குறியின் பின்னாலேயே போனேன்,
ரவுண்டானா நெரிசலில்
முன்வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு போவது மாதிரி.
அவர் தயங்கிய இடத்தில்
எனக்கும் கை வியர்த்தது.
ஒருமுறை எதையோ தவறாக அழித்துவிட்டுத்
தலையில் அடித்துக்கொண்டார்.
அந்தப் பதினோரு நொடியைத்தான்
அதிகம் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

பயிற்சிக்கென்று அவர் கொடுத்த படங்களில்
பனி இருந்தது. நீலக் கண் இருந்தது.
கன்னத்துப் பருவை எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.
கல்லுக்குத் திரும்பினால்
பரு எது, கல்லின் புள்ளி எது?
முதல் வாரம் ஒரு பலகையின் மச்சங்களையெல்லாம்
சுத்தமாகத் துடைத்துவிட்டேன்.
"இது கல்லா, மைசூர்பாகா?" என்றார் சலபதி சார்.

என் மானிட்டர் எல்லாவற்றிலும்
கொஞ்சம் மஞ்சளைக் கலக்கும்,
மாம்பழக்கூழ் ஆலைக்குப் பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ.
அதை நம்பி நான் ஏற்றிய நீலத்தால்
ஒரு கன்டெய்னர் திரும்பி வரப் பார்த்தது.
அன்றிலிருந்து யார்டுக்குப் போய்
ஒரு வாளித் தண்ணீரைக் கல்மேல் ஊற்றிப் பார்ப்பேன்.
நனைந்ததும் உள்ளிருந்து ஒரு ஊதா எழும்.
அது காய்வதற்குள் ஓடி வந்து உட்கார வேண்டும்.
எந்தப் பாடத்திலும் இல்லாத ஸ்லைடர் அது:
எண்பதடி ஓட்டம், ஈரச் செருப்பு.

ஹிஸ்டோகிராம் மட்டும் சீக்கிரம் பிடிபட்டது.
இருட்டுப் பக்கம் செங்குத்தாக ஏறி
வெளிச்சத்துக்குச் சரியும் அது
பஸ் ஜன்னலில் தெரிகிற சையத் பாஷா மலையேதான்.
அறுத்து, தேய்த்து, எண்ணாக்கிப் போட்டாலும்
கல் மலையாகத்தான் நிற்கும்போல.

பாலிஷ் பிரிவில் துருபா, ஒடிசாக்காரர்.
படமெடுக்குமுன் பலகையைத் துணியால் துடைப்பவர்.
எப்போதும் அரை நொடி தாமதமாக விலகுவார்.
அதனால் எல்லாக் கல்லிலும் இருப்பார்:
முழங்கால், துணி, பாதி முகம்.
போன வருஷம் வரை அவரை அழித்தேன்.
பக்கத்துக் கல்லை நகலெடுத்து ஒட்டினால் போதும்,
ஆள் இருந்த இடத்தில் கல் வளர்ந்துவிடும்.

லேயர் மாஸ்க் பிடிபட்ட இரவில் புரிந்தது,
எதையும் அழிக்கத் தேவையில்லை, மறைத்தால் போதும்.
கறுப்பைப் பூசினால் போகும்.
வெள்ளையைப் பூசினால் வரும்.
சும்மா ஒருமுறை மாஸ்க்கைத் தலைகீழாக்கினேன்.
கல் போய்விட்டது.
வெறும் கட்டங்களின் மேல்
துருபா குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார்.
காற்றை.

இப்போது ஒரு ஃபோல்டர் இருக்கிறது.
பெயர்: அனுப்ப வேண்டாதவை.
துருபா நாற்பத்தாறு. சலபதி சாரின் தொப்பை பன்னிரண்டு.
கொக்கிகள். அந்த வானத்துண்டுகள்.
ஒன்றில் நான், கையில் வாளியோடு,
யாரோ கூப்பிட்டுத் திரும்பியது போல்.

போன வாரம் துருபாவுக்குக் காட்டினேன்.
ரொம்ப நேரம் பார்த்துவிட்டு
"கல் எங்கே?" என்றார்.
போட்டேன். ஆள் மறைந்தார்.
எடுக்கச் சொன்னார். வந்தார்.
போடு என்றார். எடு என்றார்.
மூன்றாவது தடவை
மவுஸைத் தானே வாங்கிக்கொண்டார்.
விரலெல்லாம் பாலிஷ் தூள்.

சலபதி சார் எட்டிப் பார்த்து
அந்த ஊதா ஆச்சா மாதேஸ்வரி என்றார்.

ஆகலை சார்.
இன்னும் தண்ணி ஊத்திப் பாக்கலை.