கிளிசரின்

ஸ்டெபிலைசர் என்றதும்
ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் முனகும் தகரப்பெட்டிதான்
நினைவுக்கு வந்தது எனக்கு.
ஸ்லாவ்கோ சிரித்தான்.
வில்லின் வயிற்றில் திருகி வைத்திருந்தான் அதை:
எட்டங்குலக் கறுப்புக் கோல்,
நுனியில் இரண்டு எடைக்கட்டி,
நடுவில் ரப்பர்க் கழுத்து.
முந்நூற்றுப் பத்து திர்ஹமாம்.

அல் ஐனுக்கு வெளியே,
ஹஃபீத் மலை பார்த்துக்கொண்டிருக்கும் மைதானம்.
இருபத்தைந்து கஜத்தில் ஒரு ஃபோம் மான்.
உடம்பெல்லாம் போன வாரத்து ஓட்டைகள்.

ஸ்லாவ்கோ வெல்டிங் இன்ஸ்பெக்டர்.
அக்டோபரில் லீவு போட்டு
தன் நாட்டுக் காட்டில் பன்றிக்காக
மரமேறி உட்கார்ந்திருப்பவன்.
"விடும் முன் கை அலையாது, ஏட்ரியன்.
விட்ட பிறகு வில் துள்ளாது" என்றான்.
(ஏசுவடியான் அவன் நாக்கில் ஏட்ரியன்.)

கிளையில் தட்டாதா?
"தட்டும்."
நாள் முழுக்கத் தூக்கி நடந்தால்?
"தோள் வலிக்கும்."
காற்றடித்தால்?
"நீளக் கோல் என்றால் பிடித்து இழுக்கும்."
அப்புறம் எதற்கு என்றேன்.
அம்பு முனையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான்.

முசாஃபா பட்டறையில்
தினம் நாற்பது பிரஷர் கேஜ் பார்க்கிறவன் நான்.
பம்பின் மேல் உட்கார்ந்த முள்
குளிர்க்காய்ச்சல் கண்டதுபோல் உதறும்.
கண்ணாடிக்குள் கிளிசரின் ஊற்றினால் அடங்கும்,
வாசிக்கலாம்.
ஆனால் இரண்டு பார் கூட்டிக் காட்டும் கேஜ்
கிளிசரினுக்குள்ளும்
இரண்டு பார் கூட்டித்தான் காட்டும்,
நிதானமாக.

முதலில் கோலைக் கழற்றிவிட்டு எய்தேன்.
ஒன்று கழுத்தில்.
ஒன்று தொடையில்.
ஒன்றை மணலில் தேடினோம்.

பிறகு கோலோடு.
நுனி எடை இடக்கையைக் கீழே இழுத்தது;
மணிக்கட்டில் எப்போதும் துடிக்கும் ஏதோ ஒன்று
துடிக்க இடமில்லாமல் போனது.
மூன்று அம்பும்
உள்ளங்கை அகலத்துக்குள்.
மூன்றும் வயிற்றில்.

நான் குறிவைத்தது நெஞ்சை.

ஸ்லாவ்கோ கைதட்டவில்லை.
"வயிற்றில் பட்டால் உடனே சாகாது" என்றான்.
"போன அக்டோபரில் ஒன்று.
இருட்டும்வரை ரத்தத்தின் பின்னால் நடந்தேன்.
ஓடைக்கு அந்தப் பக்கம் ரத்தம் இல்லை."
அன்றைக்கு இந்தக் கோல் இருந்ததா?
"இருந்தது."

என்ன சொல்ல?
பட்டறையாக இருந்தால் சொல்லியிருப்பேன்:
இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தவறும் கேஜைக்
குப்பையில்தான் போட வேண்டும்,
ஒரே பக்கம் தவறுவதைத்
திருத்திவிடலாம் என்று.
ஓடையைத் தாண்டிப் போனதற்கு
அதைச் சொல்ல முடியுமா?

குறிமுள்ளின் ஸ்க்ரூவை
வலப்பக்கம் அரைச் சுற்றுத் திருப்பினேன்.
நான்காவது அம்பை எடுக்கத் தோன்றவில்லை.
அங்கே ஸ்லாவ்கோ
மானின் வயிற்றிலிருந்து ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிக்கொண்டிருந்தான்,
இன்னொரு கையால்
அதன் விலாவை ஆடாமல் பிடித்தபடி.