குண்டு விழுந்த தூரம்

நூற்றெழுபத்து மூன்று துண்டு என்று
அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது.
எண்ணவில்லை. ஆபீசில் எண்ணுவது போதும்.

மூன்று பிளைவுட் பலகை.
லேசர் வெட்டிய ஓரமெல்லாம் கருகி
பிரித்ததும் மேசையில் இஸ்திரி வண்டி வாசனை.
பல்சக்கரம், விசை, குழல், கைப்பிடி
எல்லாம் பலகைக்குள்ளேயே படுத்திருக்கின்றன
மயிரிழைப் பிடிமானத்தில்.
கட்டைவிரலால் அழுத்தினால்
டிக்கென்று ஒவ்வொன்றாய் வரும்.

இளவெயினிக்கு வாங்கியது.
ஒன்பது வயது. தீபாவளித் துப்பாக்கியைக்
கழற்றிப் பார்த்துத் திட்டு வாங்கியவள்.
கூரியர் வருவதற்குள்
சுவர் வந்துவிட்டது.

போர்வெல் மோட்டார் யார் பக்கம் என்று ஆரம்பித்து
ஹாலோ பிளாக்கில் மூன்றரை அடி.
அண்ணன் தணிகாசலம்
என்னைப் பார்க்க நேரும்போதெல்லாம்
கைப்பேசியைப் பார்க்கிறார்.

நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தர்.
வடக்கே இன்னார் மனை, தெற்கே பொதுப்பாதை,
இதற்குட்பட்ட, இதற்குட்பட்ட என்று
நாளைக்கு நாற்பது தடவை வாசிக்கிறவள்.
எங்கள் பத்திரம் மேசைக்கு வந்த அன்று மட்டும்
வேறு யாராவது வாசிக்கட்டும் என்று
டீ குடிக்கப் போய்விட்டேன்.

விளக்கத்தாளில் தமிழ் இல்லை, படம் உண்டு.
சக்கரத்துக்கு மெழுகு தேய் என்றது படம்.
புயலுக்கு வாங்கி வைத்த மெழுகுவத்தி, தேய்த்தேன்.
இறுகினால் உப்புத்தாள் என்றது. போட்டேன்.
முப்பத்தொன்றாம் படத்தில் ஒரு பல் உடைந்தது.
நான் சொன்ன வார்த்தைக்கு
சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது.
பல்லுக்குப் பல்குத்தும் குச்சி,
கொஞ்சம் ஃபெவிகால், ஒரு ராத்திரி.

துண்டெல்லாம் போன பலகையை
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
சக்கரம் கிடந்த இடத்தில் வட்ட வெளிச்சம்.
விசை கிடந்த இடத்தில் கொக்கி வெளிச்சம்.
உட்பிரிவு செய்து முடித்த நிலப்படம்:
நூற்றுப் பன்னிரண்டு பார் மூன்று ஏ, மூன்று பி.
நிலம் போய்விட்டது,
கோடு இருக்கிறது.

எங்கள் ஊர்க் கதை ஒன்று உண்டு.
தேவனாம்பட்டினம் கோட்டையில் நின்று
கும்பினிக்காரன் பீரங்கி சுட்டானாம்.
குண்டு விழுந்த தூரம்வரை அவனுக்கென்று பேச்சாம்.
அந்தக் குண்டுதான்
குண்டு உப்பலவாடியின் குண்டு.
விழுந்த இடத்தில் யார் நின்றிருந்தார்கள் என்று
நான் பார்த்த பத்திரம் எதிலும் இல்லை.

ஞாயிறு சாயங்காலம், மொட்டைமாடி.
காற்று கடலிலிருந்து,
சிப்காட்டிலிருந்து இல்லை, அந்தமட்டும் சரி.
ஆறு ரப்பர்பேண்டு ஏற்றலாம்.
ஒன்றுதான் ஏற்றினேன். நீலம்.
குறியெல்லாம் பார்க்கவில்லை.
விசையை இழுத்தால்
பல் பல்லைக் கடித்து, மரம் மரத்தை நெட்டி
உள்ளே எங்கோ ஏதோ தீர்மானமாகி
டக்.

சுவரைத் தாண்டிவிட்டது.
இருபதடி இருக்கும்.
கும்பினிக் கணக்குப்படி
அவர்கள் துவைக்கிற கல்வரை என்னுடையது.
சிரித்தேன்.
பிறகு தண்ணீர்த் தொட்டி ஓரம்
இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்,
மடியில் துப்பாக்கியோடு.

புதன்கிழமை காலை
ஸ்கூல் வேனுக்கு நிற்கிறாள் இளவெயினி.
ரெட்டைச் சடை. ஒன்றில் ரிப்பன்.
மற்றதில் நீல ரப்பர்பேண்டு.
கட்டியது அண்ணி கை.
காரணமில்லாமல் ஒன்றைக் கட்டுகிறவள் இல்லை அண்ணி.
ரிப்பன் தொலைந்தும் போயிருக்கலாம்.

வண்டியை நிறுத்தவில்லை.
ஒரே ஒரு ஹாரன்.
பாக்கெட்டில் இன்னும் பதினொன்று இருக்கிறது,
அதில் நாலு சிவப்பு.