சம நேரப் புள்ளி

சீனக்குடா வானிலை அறிக்கை
மணிக்கொருதரம் போனில் வந்து விழுகிறது:
இருநூற்று நாற்பது பாகை, பதினெட்டு நொட்,
இடையிடையே இருபத்தெட்டு.
கொடியில் கிடந்த என் நைட்டி
அதை முந்தியே வாசித்துவிட்டு
பக்கத்து வளவு முருங்கையில் போய் ஏறியிருக்கிறது.

கச்சான்.
புத்தகத்தில் அந்தப் பெயர் இல்லை.
தென்மேற்கு என்று போடவேண்டும்.
தொண்டை காய்வதற்கும்
அயலில் எல்லோரும் எரிந்து விழுவதற்கும்
குறியீடு கிடையாது.

விடிய நாலரைக்கு நான்
திருக்கடலூர் ஐஸ் கொம்பனியில்.
படகுக்கு எத்தனை கட்டி, எத்தனை லீற்றர் டீசல்,
எத்தனை நாள் என்று கொப்பியில் பதிவேன்.
ஜூட் அண்ணை கேட்டார்:
"பிளேனுக்கும் ஐஸ் ஏத்துவியோ, தங்கச்சி?"
இல்லை அண்ணை. அது வெளிக்கிட முதல்
தரையில் இருக்கிற ஒருத்தி
போகலாம் என்று கையெழுத்து வைக்கவேணும்.
கப்டனும் வைப்பார்.
ரெண்டும் விழுந்தால்தான் சக்கரம் உருளும்.
"அப்ப நீ வைக்காட்டி?"
நிற்கும்.
ஐஸ் அரைக்கிற மிஷினை நிறுத்திவிட்டு
ஒருதரம் என்னைப் பார்த்தார்.
இருபத்தேழு வருஷம் வங்காள விரிகுடாவுக்குள்.
நில் என்று
ஒருத்தரும் அவருக்கு எழுதித் தந்ததில்லை.

இரவில் கிண்ணியாவிலிருந்து
ஃபர்சான் குரலில் கேள்வி அனுப்புவான்,
பின்னால் அவன் பிள்ளை அழும்.
"இறங்குமிடத்தில் மூடுபனி.
மாற்று நிலையமும் மூடியாச்சு.
இப்ப என்ன செய்வாய்?"
"அப்படி ஒரு நாளில் அதை ஏன் விட்டேன்?"
என்று திருப்பிக் கேட்டேன்.
கொஞ்ச நேரம் பிள்ளையின் சத்தம் மட்டும்.
"அது விடையில்லை," என்றான்.
பிறகு, "ஆனால் சரி."

போன முறை மூன்று மார்க்ஸில் போனது.
கழிக்கவேண்டிய எதிர்காற்றைக்
கூட்டிப்போட்டேன்.

முன்னே போவதற்கும் திரும்பி வருவதற்கும்
ஒரே நேரம் பிடிக்கும் இடம் ஒன்று
ஒவ்வொரு பாதையிலும் உண்டு.
காற்றில்லாத நாளில் அது சரியாக நடுவில்.
எதிர்த்து அடித்தால்
காற்று வரும் பக்கமாய் நகர்ந்துபோகும்.
பாதித் தூரம் தாண்டிய பிறகும்
திரும்புவதுதான் கெதி என்று கணக்குச் சொல்லும்.
முப்பத்தாறு வயதில் இருந்துகொண்டு
ரெண்டுதரம் போட்டுப் பார்த்தேன்.
விடை மாறவில்லை.

வெள்ளி இரவு பஸ்.
புறப்பாடு, திருகோணமலை.
சேருமிடம், இரத்மலானை.
பயண எரிபொருள்: போக மட்டும் காசு.
எதிர்பாராததுக்கு ஐந்து வீதம்:
ஹபரணையில் ஒரு பிளேன்ரீ, சீனி கூட.
மாற்று நிலையம்: ஐஸ் கொம்பனி.
திங்கள்வரை இடம் வைத்திருப்பதாக மனேஜர் சொன்னார்;
எழுத்தில் இல்லை, ஆகவே பதியக்கூடாது.
கடைசி முப்பது நிமிஷம்
தொடக்கூடாத எரிபொருள்.
என்னிடம் அது எது என்று
கட்டம் இன்னும் வெறுமையாய் இருக்கிறது.

முருங்கையிலிருந்து நைட்டியை இழுக்கிறேன்,
தையல் கொஞ்சம் விட்டுப்போச்சு.
அடுத்த அறிக்கை: இருநூற்று ஐம்பது, இருபது.
உள்ளங்கையில் நீலப் பேனையால்
கழி
என்று எழுதி வைத்திருக்கிறேன்.
மண்டபத்துக்குள் போக முதல்
அதைக் கழுவவேண்டும்.