சென்னாக்கூனி

வந்த முதல் வாரம்
தண்ணி கேன் போட வந்த பையனிடம்
பசியாறிட்டீங்களா என்று கேட்டேன்.
கேனை இறக்காமலே நின்றான்.
பட்டினியெல்லாம் இல்லக்கா,
நாஷ்டா துன்னுட்டுதான் வர்றேன்.
பீஷானில் பசி ஆறும்.
ராயபுரத்தில் அது வேறு வேலை.

பூன் கியாட்டை
இந்தத் தெரு முதலில் பூங்கேட் சார் என்றது,
ஆடி முடிவதற்குள் சாரும் கழன்று
பூங்காவனம் அண்ணே ஆகிவிட்டான்.
காட்டுப்பள்ளித் துறைமுகத்தில்
கிரேன்களுக்கு வைத்தியம் பார்க்கிறான்.
எண்ணூர் சாலை லாரிகளுக்கு நடுவே
போக ஒரு மணி, திரும்ப இரண்டு.
காலரில் கரித்தூளோடு படியேறும்போதே
மூக்கைத் தூக்குவான்,
இன்றைக்கு என்ன.

பெட்டியில் கொண்டுவந்த பெலாச்சான்
தேய்ந்து தேய்ந்து
ஐப்பசியில் சோப்புச் சில்லாகிவிட்டது.
அந்தக் கடைசித் துண்டை வாணலியில் வாட்டிய மாலை
ஜன்னலெல்லாம் சாத்தினேன்,
கதவிடுக்கில் துண்டைத் திணித்தேன்.
எங்கள் பன்னிரண்டாம் மாடியில்
இதே மணத்துக்கு ஒருமுறை
மின்தூக்கியில் நோட்டீஸ் ஒட்டினார்கள்,
மிக மரியாதையான நோட்டீஸ்.

கதவு தட்டப்பட்டது.
மேல்வீட்டு கிளாடிஸ், நைட்டி மேல் துண்டு.
மன்னிப்பை வாயில் வைத்துக்கொண்டு திறந்தேன்.
இன்னா கருவாடுக்கா இது?
எந்தக் கடையில வாங்குன?
வாசனைக்கே ஒரு தட்டு சோறு இறங்கும் போல.

மறுநாள் விடியுமுன் காசிமேட்டில்
அவளே என்னைத் தேசம்மாவிடம் கொண்டுபோய் நிறுத்தினாள்.
செல்பேசியில் படம் காட்டினேன்.
செதில் ஒட்டிய விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.
சென்னாக்கூனி.
இத்தப் போயி இடிச்சு கட்டி புடிச்சு
ஏரோப்ளேன்ல ஏத்திக்கினு வந்தியா?
கடல் இங்கதான இருக்குது.

இரண்டு கிலோ பச்சைக் கூனி,
கண்ணளவு உப்பு, மொட்டைமாடி.
முதல் தட்டைப் பூனை.
இரண்டாவது தட்டை மழை.
மூன்றாவதற்கு
ஒரு ஞாயிறு முழுக்கப் பூன் கியாட் காவல் இருந்தான்,
குடையும் தொப்பியுமாக,
காக்கைகளோடு ஹொக்கியனில் சண்டை போட்டபடி.
அந்த வசவில் இரண்டைப்
பக்கத்து மாடிப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள்.
இப்போது தெருவில் யாராவது போல்டானால்
எனக்கு மட்டும் காது கூசும்.

சனிக்கிழமைகளில் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ.
கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணி,
கையாலேயே பிசைந்த ஆரஞ்சு நிற நூடுல்ஸ்.
முதல் வாய்க்கு அவன் பேசவில்லை.
பிறகு சொன்னான்,
நம்ம மீ கோரெங்கோட சொந்தக்காரன் யாரோ
கப்பலைத் தவறவிட்டு இங்கேயே தங்கிட்டான்.
கடைக்காரர் சிரித்து
இன்னொரு கரண்டி வாழைத்தண்டு சூப் ஊற்றினார்.
காசு கேட்கவில்லை.
அடுத்த வாரம் கேட்டார்.

இரவு எட்டரைக்கு அவன் அம்மாவின் அழைப்பு.
அங்கே பதினொன்று.
சியா பா போய்?
எப்போதும் அதுதான் முதலில்,
தின்று வயிறு நிறைந்ததா.
கூனிக்கட்டியைக் கேமரா முன் நீட்டினான்.
கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.
கறுத்துப்போச்சு, என்றார்.
உப்பு கூட, என்றார்,
வங்கக் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து,
நாக்கில் படாமலேயே.
உப்பு கூடத்தான்.

குண்டு மிளகாயோடு மிக்சியில் அரைத்து
வெண்டைக்காயில் புரட்டி வைத்தேன்.
மென்றான். யோசித்தான்.
இது அது இல்ல, என்றான்.
சரி, என்றேன்.
தட்டை நீட்டினான்,
இன்னும் கொஞ்சம் சோறு.

கிளாடிஸுக்கு ஒரு கிண்ணம் மேலே போயிருக்கிறது.
மூன்று நாளாகிறது,
கிண்ணம் திரும்பவில்லை.
மாடியில் யாரோ தட்டு தட்டாக
எதையோ பரப்புகிற சத்தம் மட்டும்.