ஏலத்துக்கான படங்கள்

நான்கு பக்கத்துக்கும் ஒவ்வொரு படம்.
சக்கரங்களுக்கு இரண்டு. அடிச்சட்டத்துக்கு ஒன்று.
ஜன்னலுக்குக் கீழே பொறித்த எண்
தெளிவாகப் படிக்கும்படி.
அலுவலகத் தாளில் அப்படித்தான் இருக்கிறது.
அழகாக எடு என்று
அதில் எங்கும் இல்லை.

அசுன்சியோனிலிருந்து மூன்று மணி நேரம்,
கடைசி ஒரு மணி வெறும் செம்மண்.
தண்டவாளத்தை எப்போதோ பெயர்த்து விற்றுவிட்டார்கள்.
தன் நீளத்துக்கு மட்டும் மிச்சமிருந்த இரும்பின் மேல்
நின்றுகொண்டிருந்தது பெட்டி.
கூரையைத் துளைத்து ஒரு கொய்யா.
இரண்டாம் வகுப்பு மர இருக்கையில்
அடைகாத்த கோழி
பயணச்சீட்டு கேட்க வந்தவளைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தது.

'ஆளில்லை' என்ற கட்டத்தில்
கீழேயே குறி போட்டுவிட்டுத்தான் ஏறினேன்.
ஏறிய பிறகு,
கொடியில் ஒரு பள்ளிச் சீருடை.
ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

எர்மெலிந்தா என்று பெயர் சொன்னாள்.
விடியலில் நெடுஞ்சாலையில்
மரவள்ளி மாவு ரொட்டி விற்கிறாளாம்.
ஏலம் என்றதும்
தாழ்ந்த குரலில் குவாரானியில் ஏதோ சொல்லி
மகளைத் தண்ணீருக்கு அனுப்பினாள்.
எங்கள் வீட்டிலும் அதே மொழிதான்.
புரியாதவள் மாதிரி லென்ஸைத் துடைத்தேன்.

தண்ணீர் வந்தது.
பழைய சட்டை ஒன்றைக் கிழித்து
அவளும் துடைக்கத் தொடங்கினாள்,
எல்லாம் உடைந்து மிஞ்சிய ஒரே ஜன்னல் கண்ணாடியை.
விளிம்பை நகத்தால் சுரண்டி,
எச்சில் தொட்டு,
இறங்கிப் போய்த் தள்ளி நின்று பார்த்து,
மறுபடியும் ஏறி.
"படத்தில் நன்றாக இருந்தால்
வெட்டமாட்டார்கள், இல்லையா?"

எடைக்குத்தான் எடுக்கிறார்கள், எர்மெலிந்தா.
கண்ணாடிக்குக் கழிவு போடுவார்கள்.
இதை நான் சொல்லவில்லை.
"கொஞ்சம் நகருங்கள், நிழல் விழுகிறது" என்றேன்.

நானும் நிற்கட்டுமா என்றாள் மகள்.
ஆள் வரக்கூடாது என்றேன்.
சீருடையைக் கொடியிலிருந்து உருவி
முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு
படத்துக்கு வெளியே போய் நின்றாள்,
மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு.

பொழுது சாய்ந்துவிட்டது.
பிளாஷ் போட்டேன்.

இரவு, விடுதியில், திரையில் ஒவ்வொன்றாக.
சக்கரம் சரி. அடிச்சட்டம் சரி.
எண் இருக்கும் படத்தில் மட்டும்
கழுவிய கண்ணாடி
வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடித்திருக்கிறது.
ஒரு வெள்ளைக் குளம்.
ஐந்து இலக்கங்களில் மூன்று அதில் மூழ்கிவிட்டன.

எண் தெரியாத பெட்டியைப் பட்டியலில் ஏற்ற முடியாது.
மறுபடி போய் எடு என்பார்கள்.
அந்த மூன்று இலக்கங்களும்
எனக்கு மனப்பாடம்.

'தாமதத்துக்குக் காரணம்' என்ற இடத்தில்
மழை, பாதை துண்டிப்பு,
இரண்டு மாதம் ஆகலாம்
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
வெளியே வந்தால்
வானம் முழுக்க நட்சத்திரம்,
ஒரு கீற்று மேகமில்லை.

இனி அது பெய்தாக வேண்டும்.