இறங்காத கட்டி

பீல் நகரில் மைனஸ் ஒன்பது.
தெருவெல்லாம் சும்மா கொட்டிக் கிடக்க
ஐஸ் இல்லையென்று என்னைக் கூப்பிட்டார்கள்,
மணிக்கு நூற்றறுபது பிராங்குக்கு.

பாரின் பின்னறை. மூடியைக் கழற்றினேன்.
குழாய் வாயில் ஜுரா மலைச் சுண்ணாம்பு.
அமிலம் விட்டுக் கழுவினேன்.
அது குற்றவாளி இல்லை.
தட்டு உறைகிறது, உறைந்துகொண்டே இருக்கிறது,
விடத்தான் தெரியவில்லை.
ஒற்றைப் பாளமாய்த் தடித்துத்
தகரத்தையே நெளித்துவிட்டது.

"ஐஸைத்தானே செய்யுது, பிறகென்ன பழுது?"
கோப்பை துடைத்தபடி ரெகுலா.
செய்வது பாதி வேலை, அம்மணி.
இருபது நிமிடம் குளிர்ந்தால்
ஒரு நிமிடம் சுடவேண்டும் இதற்கு.
சூட்டு வால்வின் சுருள் கருகிப்போச்சு.

புதியது வண்டியில் இருந்தது.
இரண்டு வயர், நாலு திருகு.
நாலாவது பெட்டிக்கு அடியில் உருண்டது;
மூன்று போதும்.

பிறகு இருவரும் நின்றோம்,
வராத பஸ்ஸுக்கு நிற்பதுபோல.
உள்ளே ஒரு சீறல்.
நீண்ட முனகல்.
தடால்!

முதல் ஈட்டைக் கொட்டிவிடு,
கழுவிய அமிலம் இருக்கும், என்று திரும்புவதற்குள்
நறுக்கென்று கடித்துவிட்டாள்.
புளிக்குதாம்.
இன்னொன்று எடுத்தாள்.