ஓடைக்கு மேலே

ஜனவரியில் பாலக்காட்டுக் காற்றுக்கு
வேறு வேலை கிடையாது.
கணவாயில் நுழைந்து நேரே வந்து
எங்கள் பதினேழு மாடியின் விளிம்பில் வாய் வைத்து
காலிப் பாட்டிலை ஊதுவது போல் ஊதும்.
விற்கும்போது இதைச் சொல்லவில்லை என்று
பதினான்காம் மாடி தண்டபாணி மூத்தான்
மாதம் ஒரு கடிதம் எழுதுகிறார்.
கடிதத்தை வாங்கி வைப்பது நான்,
கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி.
கோவிந்தாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறேன்.
மலையாளம் பேச வரும், எழுத வராது;
அதனால் என் நோட்டில் பெரும்பாலும் எண்கள்.

கீழே இரண்டு அடுக்குக் கார்கள்.
அதற்கு மேல் நகைக்கடை, வங்கி, பல் ஆஸ்பத்திரி,
இன்னும் திறக்காத சினிமா.
ஆறிலிருந்து வீடுகள்.
இதெல்லாம் முன்பு ஒரே சந்தாம். கச்சேரிச் சந்து.
நான் பார்த்ததில்லை.
படுத்துக் கிடந்ததைத் தூக்கி நிறுத்தியிருக்கிறோம் என்று
திறப்பு விழாவில் இன்ஜினியர் பேசினாராம்.
வரி ரசீது வைத்திருந்தவர்களுக்கெல்லாம்
ஒரு வீடோ ஒரு கடையோ.

சனிக்கிழமை பத்தரைக்குத் தீ ஒத்திகை.
சைரன் அடித்தது, லிஃப்ட் நின்றது.
பதறாமல் படியில் இறங்கச் சொன்னது ஒரு பெண்குரல்,
மூன்று மொழியில்,
தமிழில் மட்டும் கொஞ்சம் கோபமாக.
இறங்கினார்கள்.
பாதி சவரம் செய்த தாடை,
மிக்ஸி ஜாரைக் கீழே வைக்க மறந்த கை,
பரீட்சைக்குப் படிக்காத சந்தோஷத்தில் பிள்ளைகள்.

பார்க்கிங்கில் பச்சைக் கட்டம் போட்டிருந்தது.
"மாடிவாரியாக நில்லுங்கள்" என்றார் தீயணைப்பு அதிகாரி.
யார் கேட்டார்கள்?
ஆறாம் மாடி மாவு மில் ஷரீபா நேராகப் போய்
பதினாறாம் மாடி அப்புட்டி டெய்லர் பக்கத்தில் நின்றாள்.
மாடி மாறி நிற்கிறீர்களே என்றால்
"இவர் எனக்கு அடுத்த கதவு" என்கிறாள்.
தண்டபாணி மூத்தான் அருகில்
ஒன்பதாம் மாடி ஷைலஜா டீச்சர் வந்ததும்
என்றோ இடித்த சுவரின் முக்கால் அடிக்கான வழக்கு
விட்ட வார்த்தையிலிருந்து தொடங்கிற்று.
ஐந்து மாடி இடைவெளியில்
இரண்டு வருஷமாக அவர்கள் சண்டை போடவில்லை.
முகத்தில் என்ன ரத்தம் இருவருக்கும்!

நான் எண்ணினேன்.
காலையில் வெளியே போனவர்களைக் கழித்தால்
நோட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு.
கட்டத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு.
கணக்கு சரியானால் தேட மாட்டோம் என்று சொல்லி
அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

போட்ட பிறகுதான் பார்த்தேன்
ஷரீபாவுக்கும் அப்புட்டிக்கும் நடுவில்
ஒரு ஆள் அகலத்துக்குள் நின்றிருந்த காசிம் ராவுத்தரை.
இடுப்பில் சாவிக் கொத்து.
எதிர் பஸ் ஸ்டாப்பில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர்.
சைரன் கேட்டு ரோட்டைத் தாண்டி வந்திருக்கிறார்,
எல்லாரும் வந்த மாதிரியே.
"நீங்க எந்த மாடி?"
"ஓடைக்கு மேலே" என்றார்.
ஓடையில் பலகை போட்டு இருபத்தாறு வருஷமாம்.
ஓடைக்குக் கதவு எண் இல்லை.
எண் இல்லாததற்கு வரி இல்லை,
வரி இல்லாததற்கு ரசீது.

இவரைக் கழித்தால் இருநூற்றுப் பதினொன்று.
அண்ணாந்தேன்.
பதினொன்று பி-யில் திரை அசைந்தது.
காற்றாக இருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம்;
அந்த ஜன்னல்கள் திறக்காதவை.

லிஃப்டை இன்னும் விடவில்லை.
பதினொரு மாடியும் ஏறிப்போய்த் தட்டினேன்.
சங்கிலி நீளத்துக்குக் கதவு திறந்தது.
பத்மஜா.
நைட்டி, ஈரத் தலை,
பின்னால் சத்தமில்லாமல் ஓடும் டிவி.
"எல்லாரும் இறங்கியாச்சா?"

மூச்சு வாங்கியது எனக்கு.
நோட்டு அக்குளில் இருந்தது.
"ஆச்சு" என்றேன்.
"ஒருத்தரும் குறையலை."

தலையாட்டி, கதவை மெதுவாகச் சாத்தினாள்.
படியில் இறங்கும்போது
எந்த மாடி வழியாகவோ காற்று
மறுபடியும் பாட்டிலை ஊதிக்கொண்டிருந்தது.
தண்டபாணி மூத்தானின் குரல் கீழே கேட்டது:
முக்கால் அடி, முக்கால் அடி.